மேர்சிக் குளிசை

ஏழு மாதம் என் சான்றிதழ் வேலைக்குப் போனது. நான் வீட்டில் இருந்தேன்.

அறுபத்தாறாம் ஆண்டு கொழும்பில் மருந்தாளர் பரீட்சையில் தேறி, நாவற்குடாவுக்குத் திரும்பி, பெரியாஸ்பத்திரியில் இடம் கிடைக்குமா என்று நான் வழி பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் வினாயகமூர்த்தி முதலாளி எங்கள் வீடு தேடி வந்தார். பட்டினத்தில் வாவிப் பக்கத் தெருவில் அவருக்கு மருந்துக்கடை. மருந்துக்கடை நடத்துவதென்றால் பதிவு பெற்ற மருந்தாளர் ஒருவர் கடையில் இருக்க வேண்டும். இருந்தவர் காலமாகிவிட்டார். முதலாளிக்குத் தேவைப்பட்டது இன்னொரு மருந்தாளர் அல்ல, இன்னொரு சட்டகம்.

"தங்கச்சி என்னத்துக்கு அலையோணும்? பொம்புளப் புள்ள கடையில நிண்டு கண்ட கண்ட ஆக்களோட கதைக்கிறது சரியில்ல. சேர்ட்டிபிக்கேற்ற மட்டும் தாங்க. அது சுவரில கிடக்கட்டும். மாசாமாசம் கவர் வீட்ட வரும்" என்றார்.

அம்மாவுக்கு அது பிடித்துக்கொண்டது. எனக்கும் பிடிக்காமல் இல்லை. இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் நானும் அந்த முதலாளியும் ஒன்றுதான். கொழும்பில் தூக்கம் முழித்துப் படித்ததெல்லாம் சுவரில் தொங்கிச் சம்பாதிக்க, நான் மாமரத்தடியில் கதிரை போட்டுப் புத்தகம் வாசித்தேன். வாசித்ததும் கதைப்புத்தகம். வெட்கமாகத்தான் இருக்கிறது.

சட்டம் மருந்தை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. தலையிடித் தைலம், ஓமத்தண்ணீர் போன்றவற்றைச் சீனி பருப்பு விற்கிற கடையிலும் வாங்கலாம். இரண்டாவது வகை மருந்துக்கடைக்கு மட்டும் உரியது. மருந்தாளர் நின்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். மூன்றாவது வகை பூட்டிய அலுமாரிக்குள் இருக்கும். டொக்டரின் துண்டு இல்லாமல் அது வெளியே வரக்கூடாது. வந்தால் யாருக்கு, எவ்வளவு, எந்த டொக்டர் எழுதியது என்று புத்தகத்தில் பதிந்து மருந்தாளர் கையெழுத்து வைக்க வேண்டும். அந்த அலுமாரியின் திறப்பு மருந்தாளரின் கையில்தான் இருக்க வேண்டும். மனிதருக்குள் சாதி பார்ப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மருந்துக்குள் சாதி பார்க்காதவர்களைக் கண்டாலும் அப்படித்தான் வந்திருக்க வேண்டும். ஏழு மாதம் வரவில்லை.

எட்டாம் மாதம் ஒரு சேலை வாங்கக் காத்தான்குடிக்குப் போனேன். சித்தி நபீஸா உம்மா வீட்டில் நாலு தறி. கணவர் மௌத்தாகிப் பத்து வருடமாக அவவே நூல் வாங்கி, அவவே ஆள் வைத்து நெய்து, அவவே விற்கிற மனிசி. ஒரே மகள் றஸீனா. அவளுக்கு இரண்டு மாதத்தில் கலியாணம் வைத்திருந்தார்கள். என் பெயரைக் கேட்டதும் உம்மா சேலையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டா.

"மேர்சி மிஸ்ஸியா? அல்லாஹ்! இரிங்க, இரிங்க. புள்ள றஸீனா, இஞ்ச வா! மிஸ்ஸிக்கி உன்ட முகத்தக் காட்டு."

தறிக்குழிக்குள் இருந்து றஸீனா எழும்பினாள். எழும்பப் பார்த்தாள் என்பதுதான் சரி. இரண்டு கையையும் விளிம்பில் ஊன்றி, ஒரு தரம் முடியாமல் திரும்ப இருந்து, மறுபடி ஊன்றித்தான் எழும்பினாள். இருபது வயதுப் பெண். முகம் வட்டமாக, சிவந்து, கன்னம் இரண்டும் ஊதிப்போய் இருந்தது. கைகால் மெலிவு. முழங்கைக்குக் கீழே நீலம் பாரித்த கன்றல்கள். பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர். நான் இருந்த கொஞ்ச நேரத்துக்குள் அதைக் குடித்து முடித்தாள்.

"தை மாசம் ஈக்கில் மாதிரிக் கிடந்தவள்" என்றா உம்மா. "மாப்புள ஊட்டார் வந்து பாத்திட்டு, புள்ள மெலிவு எண்டு செல்லிப் போட்டாங்க. இப்ப பாருங்க, முகம் எப்பிடிப் பூரிச்சிக் கிடக்கு! எல்லாம் உங்கட குளிச."

"என்ட குளிசையா?"

"வேற ஆருட? இந்த ஊரில இப்ப ஆரக் கேட்டாலும் செல்லுவாங்க, மேர்சிக் குளிச எண்டு. கலியாணம் பேசின புள்ளயள் எல்லாம் இதத்தான் திங்கிறாங்க."

உள்ளே போய் ஒரு சிறிய கடதாசி உறையை எடுத்து வந்தா. மேலே கடையின் பெயர். கீழே, பொறுப்பான மருந்தாளர் என்று என் பெயர். அச்சில். உள்ளே சின்னச் சின்ன வெள்ளைக் குளிசைகள். பிரட்னிசொலோன். மூட்டு வீங்கி நடக்க முடியாதவர்களுக்கும் மூச்சு முட்டுகிறவர்களுக்கும் டொக்டர் அளந்து எழுதிக் கொடுக்கிற மருந்து. தின்றால் பசிக்கும், முகம் ஊதும். அது தேறின உடம்பு அல்ல, கெட்டுப்போகிற உடம்பு. மூன்றாவது அலுமாரிக்குள் இருக்க வேண்டிய சாமான், ஒரு தாயின் கையில் மிட்டாய் உறை போல இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் பாதி என்மேல்தான்.

"உம்மா, இது உடம்பு தேற்றுற குளிசை இல்ல. புள்ளைக்கு எழும்பக் கஷ்டமாக் கிடக்கு, பாத்தீங்களா? இவளைப் பெரியாஸ்பத்திரி டொக்டரிட்ட காட்டோணும். நீங்களாச் சடாரெண்டு நிப்பாட்டவும் கூடாது, அதுவும் ஆபத்து. அவர்தான் கொஞ்சங்கொஞ்சமாக் குறைப்பார்."

உம்மாவின் முகம் மாறியது. உறையை மடியில் செருகிக்கொண்டா.

"ஆஸ்பத்திரி வாசல்ல என்ட மவள ஒருத்தன் கண்டாப் போதும், நோய்க்காரி எண்டு மாப்புள ஊட்டுக்குக் கதை போயிரும். உங்கட பேரப் போட்டு வித்துப்போட்டு, இப்ப கூடா எண்டு செல்லவா வந்தீங்க?"

சேலை வாங்காமல் திரும்பினேன்.

மறுநாள் காலை கடை திறக்கிற நேரம் போய் நின்றேன். முதலாளி மேசையடியில் இருந்தார். பத்து வருடமாக அங்கே விற்பனையாளராக நிற்கிற பேர்னாட், மருந்துப் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேர்னாட் கெட்ட மனிதர் இல்லை. பெட்டியின் நிறத்தைப் பார்த்து மருந்து எடுக்கிறவர், அவ்வளவுதான்.

"என்ன தங்கச்சி, கவர் வரல்லியா?"

"கவர் வந்தது முதலாளி. நான் திறப்புக்கு வந்தன்."

"என்ன திறப்பு?"

"அலுமாரித் திறப்பு. இண்டையிலருந்து அது என்ட கையிலதான் இருக்கும். கடை திறந்து கிடக்கிற நேரம் முழுக்க நானும் இருப்பன்."

முதலாளி சிரித்துவிட்டு எனக்கு ஒரு சோடா எடுக்கச் சொன்னார். சோடா வருவதற்குள் ஒரு ஆள் வந்து, தன் மனைவிக்கு நித்திரை வருவதில்லை என்றார். பேர்னாட் கலண்டர் ஆணியில் தொங்கிய திறப்பை எடுத்து, பூட்டிய அலுமாரியைத் திறந்து, பத்துக் குளிசையை எண்ணி என் பெயர் போட்ட உறைக்குள் இட்டார். துண்டும் இல்லை, கேள்வியும் இல்லை. நான் உறையின் மேல் கையை வைத்தேன்.

"அண்ணன், துண்டு கொண்டு வாங்க. துண்டில்லாம இது தர ஏலா."

"போன மாசமும் இப்பிடித்தானே வாங்கின" என்றார் அந்த ஆள்.

"போன மாசம் நான் இஞ்ச இல்ல."

அவர் முணுமுணுத்துக்கொண்டு போனார். நான் பதிவுப் புத்தகத்தை இழுத்துப் பார்த்தேன். பக்கம் பக்கமாக என் கையெழுத்து. முடிவில் ஒரு வால் சுழித்து, நான் வைக்கிறதைவிட அழகாக வைத்திருந்தார்கள். பேர்னாட் குனிந்து, துடைத்த பெட்டியையே திரும்பத் துடைத்தார்.

"திறப்பத் தாங்க முதலாளி."

"தங்கச்சி, நீ தொங்கிறதுக்குத்தான் சம்பளம். பாக்கிறதுக்கு இல்ல. வீட்ட போ."

சோடா வந்தது. நான் அதைத் தொடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சுவரில் இருந்த என் சான்றிதழைச் சட்டகத்தோடு கழற்றினேன். கடையில் நாலைந்து பேர் நின்று வாய் பார்த்தார்கள்.

முதலாளி எழும்பிவிட்டார். "என்ன செய்யிறாய்?"

"இதில்லாம நீங்க மருந்து விக்க ஏலா. கதவச் சாத்துங்க."

"புத்தகம் முழுக்க உன்ட பேர். வெளிய போனா முதல்ல விலங்கு உனக்குத்தான். யோசிச்சுச் செய்."

"யோசிச்சிட்டுத்தான் ஸ்டூல்ல ஏறின" என்று சொல்லி இறங்கினேன்.

பஸ்ஸில் சட்டகத்தை மடியில் வைத்திருந்தேன். கல்லடிப் பாலம் தாண்டும்போது கொண்டக்டர் எட்டிப் பார்த்து, "அந்தோனியாரா மிஸ்?" என்று கேட்டான். நாங்கள் மெதடிஸ்ட், எங்கள் வீட்டில் சொரூபமும் இல்லை, படமும் இல்லை. "இல்ல தம்பி, இது நான்" என்றேன்.

அடுத்த நாள் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குப் போய் மருந்துக்கடைகளைப் பார்க்கிற இன்ஸ்பெக்டரைக் கண்டேன். ஓய்வுக்குக் கிட்டிய மனிதர். நான் சொன்னதெல்லாம் கேட்டு, கடைப் புத்தகத்தை எடுப்பித்துப் பார்த்து, வால் சுழித்த கையெழுத்தில் விரலை வைத்தார்.

"இது உங்கட கையெழுத்தா?"

"இல்ல."

"அப்ப நல்லதாப் போச்சு. ஒண்டும் தெரியாது, என்ட சேர்ட்டிபிக்கேற்ற ஏமாத்தி வாங்கிப் போட்டாங்க எண்டு எழுதித் தாங்க. உங்களுக்கு ஒரு சேதமும் வராது."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு ஆசையாகவும் இருந்தது. ஆனால் அப்படி எழுதினால் நான் சின்னப்பிள்ளை, என்னை யாரோ ஏமாற்றினார்கள், நான் மிட்டாய்க்கு அழுதேன் என்றுதான் ஆகும். பரீட்சை எழுதியது நான். கவரை வாங்கியதும் நான்.

"கையெழுத்து என்னுடையது இல்ல சேர். ஆனா ஏழு மாசம் கடைக்குப் போகாமச் சம்பளம் எடுத்தது நான்தான். ரெண்டையும் எழுதிறன்."

"உங்களுக்கு விசரா பிள்ள?" என்றார். பிறகு தாளை என் பக்கம் தள்ளினார்.

பதினைந்தாம் நாள் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. மூன்று மாதத்துக்கு நான் எந்தக் கடையிலும் மருந்தாளராக இருக்கக்கூடாது. முதலாளிக்கு ஒரு தண்டமும், இனிமேல் கவனமாக இருக்கும்படி ஒரு எச்சரிக்கையும். அந்தக் கடிதம் வருவதற்கு முன்னமே, கடை சாத்திய ஒன்பதாம் நாளே, அவருடைய சுவரில் வேறு சட்டகம் ஏறிவிட்டது. கண்டிப் பக்கத்து ஆள் ஒருவரின் பெயர். அந்த ஆளை மட்டக்களப்பில் இதுவரை ஒருவரும் கண்டதில்லை. கடை திறந்தது, திறப்பு கலண்டர் ஆணிக்குப் போனது, பேர்னாட் எண்ணத் தொடங்கினார். இதற்கிடையில் இரண்டு தரம் காத்தான்குடிக்குப் போனேன். சித்தி நபீஸா உம்மா கதவைத் திறக்கவில்லை.

கிணற்றடியில் இருந்து அழுதேன். துக்கத்தில் அல்ல, ஆத்திரத்தில். உண்மை சொன்னவளுக்கு மூன்று மாதம், பொய்யனுக்கு ஒன்பது நாள்! அம்மா வந்து, "வாயை வச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்" என்றா. அந்த ஒரு சொல்தான் என்னைக் கிளப்பியது.

முதலாளியின் கடைக்கு நேர் எதிரே ஆதம்பாவா காக்காவின் தையல்கடை. வாசலில் ஆட்கள் வந்து இருக்க நீளமான மரவாங்கு ஒன்று போட்டிருப்பார்.

"காக்கா, இந்த வாங்கில நான் இருக்கலாமா?"

"இரிங்க மிஸ்ஸி. என்ன தைக்கணும்?"

"ஒண்டும் தைக்கல்ல. அந்தக் கடையால வாற ஆக்களிட்ட, என்ன வாங்கின எண்டு கேட்டுப் பாக்கப் போறன்."

காக்கா முதலில் என்னைப் பார்த்தார், பிறகு எதிர்க்கடையைப் பார்த்தார். எழும்பி வந்து வாங்கில் கிடந்த வெட்டுத்துண்டுகளை ஒதுக்கிவிட்டார்.

முதல் நாள் இரண்டு பேர்தான் நின்றார்கள். ஒருவர் பெரியகல்லாற்று மீன்காரர். மீன்முள் குத்திக் கால் வீங்கி, யாரோ ஒரு டொக்டர் துண்டு எழுதியிருந்தார். துண்டில் இருந்தது ஏழு நாள் மருந்து. உறைக்குள் இருந்தது இரண்டு நாள் மருந்து. "போய் மிச்சத்தக் கேளுங்க, முழுக்கக் குடிச்சாத்தான் மாறும்" என்றேன். அவர் போய்ச் சத்தம் போட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, எனக்கும் காட்டிவிட்டே பஸ் ஏறினார். இரண்டாவது ஒரு கிழவர். உறையில் ஒன்றும் பிழையில்லை. அதையும் அவருக்குச் சொன்னேன்.

ஒரு கிழமைக்குள் சனம் பழகிவிட்டது. மருந்து வாங்குவது, றோட்டைக் கடப்பது, என்னிடம் காட்டுவது, பிறகு வீட்டுக்குப் போவது. ஏறாவூரில் வாங்கினதைக்கூடக் கொண்டு வந்தார்கள். ஒரு பெண் சீனி போட்ட ஓமத்தண்ணீரைக் கொண்டு வந்து, "இதுக்கும் துண்டு வேணுமா மிஸ்?" என்று கேட்டாள். அதற்கு வேண்டாம், தாராளமாகக் குடிக்கலாம் என்றேன். துண்டு வேண்டிய மருந்துக்குத் துண்டு இல்லையென்றால், "இதைத் திருப்பிக் குடுத்திட்டு டொக்டரிட்ட போங்க" என்பேன். சிலர் போனார்கள், சிலர் என்னை ஏசினார்கள். எத்தனை பேர் ஏசினாலும் மழை வந்தாலும் நான் எழும்பவில்லை.

மூன்றாம் கிழமை முதலாளி பொலிஸில் போய்ச் சொல்ல, ஒரு சார்ஜன் வந்தார். முதலாளியும் பின்னால் வந்தார்.

"சேர்ட்டிபிக்கேற்ற நிப்பாட்டின பொம்புள. இஞ்ச இருந்து மருந்து வியாபாரம் செய்யிறா" என்றார் முதலாளி.

சார்ஜன் வாங்குக்குக் கீழே குனிந்து பார்த்தார். "மருந்து விக்கிறீங்களா மிஸ்?"

"இல்ல சேர்."

"சும்மா குடுக்கிறீங்களா?"

"ஒரு குளிசையும் தொடுறதில்ல. அவங்க காட்டுறாங்க, நான் பாக்கிறன். விக்கிறதுக்குத்தான் சட்டம் சேர்ட்டிபிக்கேற் கேக்குது. பாக்கிறதுக்குக் கேக்கல்ல."

சார்ஜன் தாடையைச் சொறிந்தார். பிறகு முதலாளியைப் பார்த்து, "இவவ நான் எந்தச் சட்டத்தில பிடிக்கிற?" என்றார். முதலாளி அந்தப் பக்கம் திரும்பியதும், சார்ஜன் தன் சட்டைப்பைக்குள் கையை விட்டு ஒரு உறையை எடுத்து என்னிடம் நீட்டினார். "என்ட மனிசிக்கு வாங்கின. ஒருக்காப் பாருங்க."

ஆனால் நான் பார்க்க வேண்டிய உறை வரவில்லை. ஒரு நாள் சித்தி நபீஸா உம்மா அந்தக் கடைக்குள்ளிருந்து வந்தா. என்னைக் கண்டதும் உறையைத் தலை மூடிய முட்டாக்குக்குள் ஒளித்துக்கொண்டு விறுவிறு என்று நடந்தா. நான் எழும்பி, "உம்மா, றஸீனா எப்பிடி?" என்று தெருவில் கத்தினேன். அவ திரும்பவில்லை. மற்றவர்களின் உறையில் போட்டிருப்பது யாரோ ஒருவருடைய பெயர். அந்தப் பிள்ளைக்குள் போனது என் பெயர்.

நாலாம் நாள் ஒரு திரை போட்ட மாட்டுவண்டி தையல்கடை வாசலில் வந்து நின்றது. உம்மா முதலில் இறங்கினா. அவவும் ஆதம்பாவா காக்காவின் மனைவியும் இரண்டு பக்கமும் பிடித்துத்தான் றஸீனாவை இறக்க முடிந்தது.

"தறிக்குழிக்குள்ள இருந்து எழும்ப ஏலாமக் கிடந்தவள். மூணு பேர் தூக்கினம்" என்றா உம்மா. "உங்களுக்கு ஏசினன் மிஸ்ஸி. பொறுத்துக்கங்க."

"உம்மா ஏசினது சரி. ஏச வேண்டிய ஆளுக்குத்தான் ஏசினீங்க."

றஸீனா என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். "மிஸ்ஸி, நான் திரும்பத் தறியில இரிக்க ஏலுமா?"

"ஏலும். நாள் எடுக்கும். ஆனா ஏலும். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவம்."

அந்நேரம் தெருவில் ஒரு கூட்டமே கூடியிருந்தது. காத்தான்குடிக்காரரும் அதில் இருந்தார்கள். அவர்களைக் கண்டதும் உம்மா மகளைத் திரைக்குள் ஒளிப்பா என்று நினைத்தேன். அவ முட்டாக்கைச் சரிசெய்துகொண்டு நடுத்தெருவுக்குப் போனா.

"நல்லாப் பாருங்க! என்ட மவள ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போறன். ஊர் முழுக்கச் செல்லுங்க. கலியாணத்தையும் தள்ளி வெக்கன். எங்கட ஊர் வழக்கத்தில மாப்புளதான் என்ட ஊட்டுக்கு வரணும், என்ட மவள் அவன்ட ஊட்டுக்குப் போகல்ல. மெலிவெண்டா வேணாம் எண்டு செல்றவன் என்ட படிய மிதிக்கவும் வேணாம்!" பிறகு முதலாளியின் கடைப்பக்கம் திரும்பினா. "இந்தக் குளிசைக்கி மிஸ்ஸிட பேர வெச்சது இந்தாள். மிஸ்ஸி ஒரு குளிசையும் தரல்ல. உங்கட புள்ளயளும் இதத் திண்டா நாளைக்கே டொக்டரிட்டக் கூட்டிட்டுப் போங்க!"

நான் அழுதேன் என்று காக்கா பிறகு எல்லோரிடமும் சொன்னார். பொய். வாவிக் காற்று கண்ணில் அடித்தது. சரி, அழுதேன்.

டொக்டர் குளிசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். அந்தக் கிழமை காத்தான்குடியிலிருந்து இன்னும் ஆறு பெண்கள், தாய்மாரோடு, பட்டப்பகலில் அதே ஆஸ்பத்திரி வாசலுக்குள் போனார்கள். முதலாளியின் கடைக்குள் ஆளில்லாமல் இலையான் பறந்தது. பேர்னாட் கைகட்டி நின்று றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் காலை முதலாளியே றோட்டைக் கடந்து வந்தார். வாங்கில் எனக்குப் பக்கத்தில், ஒரு முழம் தள்ளி, திறப்பை வைத்தார்.

"எடு. அலுமாரியும் உன்னது, புத்தகமும் உன்னது. நாளைக்கு வந்து கடையில நில்லு."

"வாறன். இன்னும் ஐம்பத்தைஞ்சு நாள் கிடக்கு."

"அதென்ன நாள்?"

"கொழும்புக் கடிதத்தில போட்டிருக்கிற நாள். அதுவரைக்கும் நான் உங்கட கடைக்குள்ள நிண்டு விக்கக்கூடாது."

முதலாளி பொறுமை இழந்தார். "அட பிள்ள, கொழும்பு எங்க, இது எங்க? இஞ்ச ஆரு பாக்கப் போறாங்க?"

"நான்" என்றேன். திறப்பை எடுத்து அவருடைய கையில் கொடுத்துவிட்டு, அவருக்குப் பின்னால் உறையோடு காத்து நின்ற மனிதரை முன்னுக்கு வரச் சொன்னேன்.